ஒரே பகலில் பம்பாய்

என் அண்ணன் தாணுலிங்கம் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் விமான டிக்கெட் விற்றான். மூத்தவனை மரியாதையாக எழுதுவதுதான் முறை என்று எனக்கும் தெரியும். நேரில் பேசும்போது கடைசிவரை 'நீங்க' என்றுதான் சொன்னேன். அது வாய்ப் பழக்கம். மனசுக்குள் அவனுக்கு அந்த மரியாதை போய்ப் பல வருஷமாயிற்று. எழுதும்போது மனசில் இருப்பதுதான் வரும்.

அரிசி மண்டிகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவில் அவன் கடை ஒன்றில்தான் விமானப் படம் போட்ட போர்டு தொங்கியது. தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதியிருப்பான்: 'ஒரே பகலில் பம்பாய்.' உள்ளே சுவர் நிறைய ஒரு இந்தியா படம். திருவனந்தபுரத்தில் ஒரு குண்டூசி, பம்பாயில் ஒரு குண்டூசி, இரண்டையும் இணைத்து ஒரு சிவப்பு நூல். வருகிறவர்களுக்கு அந்த நூலைத் தடவிக் காட்டிப் பாடம் நடத்துவான்.

"ரயில்னா மலையைக் கடக்கணும், மதராசுல மாறணும், மூணு நாளு முதுகு ஒடியணும். பிளேன்னா இந்த நூலு போற வழிதான், கேட்டியளா? காலம்பற பம்பாயில பல்லு தேச்ச ஆளு சாயங்காலம் சங்குமுகம் கடக்கரையில நின்னு காத்து வாங்கலாம்."

சொல்லிவிட்டுத் தானே விமானத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி ஒரு சிரிப்பு சிரிப்பான். ஊரில் யாருக்காவது விமானத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அவனிடம்தான் கேட்பார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

நான் ஆறுமுகநயினார், அவனுக்கு அடுத்தவன். அவ்வளவுதான் பிள்ளைகள், இரண்டு பேர். பம்பாயில் ஒரு மில் ஆபீசில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடுகளில் அப்பாவுக்குக் கொள்ளி வைப்பவன் மூத்தவன், அம்மாவுக்கு வைப்பவன் கடைசிப் பிள்ளை. பிள்ளை பிறந்த அன்றைக்கே முடிவாகிவிடுகிற காரியம் இது. நான் சின்னப் பயலாக இருக்கும்போதே அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்குத் தீ வைக்கப் பொறந்த பய இவன்" என்று வந்தவர் போனவரிடம் எல்லாம் சொல்லுவாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது ஒரு பட்டம் மாதிரி இருக்கும். அப்பா இறந்தபோது அண்ணன்தான் கொள்ளி வைத்தான். நான் பக்கத்தில் நின்றேன். அது அவன் பங்கு, அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அம்மா இறந்தது நாற்பத்தொன்பதில், ஜூன் மாசத்து இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த நேரம். அம்மா போய்விட்டாள் என்று அண்ணன் பெயரில் எனக்குத் தந்தி வந்தது. வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. நான் உடனே பதில் அடித்தேன்: நாளைப் பிளேனில் வருகிறேன், காத்திருங்கள். அடுத்த நாள் காலையில் ஏறியும் விட்டேன்.

விமானத்தில் அதுதான் எனக்கு முதல் தடவை. காதில் வைக்கப் பஞ்சும் வாயில் போடப் பெப்பர்மின்ட்டும் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அண்ணன் கடை நூலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போது கோவா தாண்டியிருக்கும், இப்போது கண்ணூர், இப்போது கொச்சி. பொறுத்துக்கோம்மா, வந்துவிட்டேன் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் விமானம் மழைமேகத்துக்குள் புகுந்து தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்து இருக்கைக்காரர் சாமி பெயர் எல்லாம் சொன்னார். எனக்குப் பயமே வரவில்லை, ஏனென்றால் கொள்ளி வைக்காமல் என்னைக் கடவுள் கொண்டுபோக மாட்டார் என்று நம்பினேன்.

இறங்கும்போது மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஒரு டாக்சி பிடித்து, சீக்கிரம் போ என்று விரட்டினேன். வள்ளக்கடவு தாண்டியதும் ரோட்டின்மேல் புகை படிந்து கிடந்தது. ஈரத்தில் மேலே ஏற மாட்டாமல் காருக்குள் வந்தது. "புத்தன்கோட்டையாணு சாரே" என்றான் டிரைவர். சுடுகாடு. யாரோ, பாவம் என்று நினைத்தேன். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

மணக்காட்டில் எங்கள் வீட்டு வாசலில் இறங்கியபோது தரை கழுவி விட்டிருந்தது. அண்ணன் மொட்டைத் தலையோடு ஈர வேட்டியில் உட்கார்ந்திருந்தான். மீசையும் இல்லை. எனக்கு அப்போதும் புரியவில்லை.

"வந்துட்டியா?" என்றான்.

"அம்மை எங்க?"

கூட்டத்தில் பெரியவர் பிச்சையா பெரியப்பா. எங்கள் அப்பாவின் பங்காளி. அவர்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"உங்க அண்ணன்தாம்டே சொன்னான். இந்த மழையில பிளேன் எறங்காது, நீ ரயில்லதான் வரணும், மூணு நாளாகும்னு. மூணு நாளு எப்படி மக்கா போட்டுவைக்கது?"

"நான் தந்தி அடிச்சேனே!"

"வந்துது. வாசிச்சுக் காட்டினான். பிளேன் சங்கதி அவனுக்குத் தெரியுமா, எங்களுக்குத் தெரியுமா?"

அதுதான். வேறு எவன் மூன்று நாள் என்று சொல்லியிருந்தாலும், போடா, தாணுலிங்கம் கடையில் போர்டைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லியிருப்பார்கள். சொன்னதே தாணுலிங்கம். ஒரே பகல் என்று ஊருக்கெல்லாம் விற்றவன் என் அம்மாவுக்கு மட்டும் மூன்று நாள் என்று சொன்னான்.

"மழை, கேட்டியா தம்பி. எறங்காதுன்னுதான் நெனச்சேன்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த கைக்குட்டையைப் பார்த்துச் சொன்னான். நானும் குனிந்து அதைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குப் புகை ஞாபகம் வந்தது.

என்ன கத்தினேன், யார் என்னைப் பிடித்தார்கள் என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. காரியம் முடிந்த அன்றைக்கு நேரே அவன் கடைக்குப் போய் அந்தச் சிவப்பு நூலைப் பிய்த்து எறிந்தேன். மறுநாளே அவன் புது நூல் கட்டிவிட்டான். அவனுக்கு அது வியாபாரம். நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: உனக்கும் ஒரே மகன்தானே? இருக்கட்டும். உன் பாடை தூக்குகிற அன்றைக்கு நான் இருப்பேன்.

பம்பாயில் இருந்துகொண்டு பழிவாங்க முடியாது, தூரம் ஜாஸ்தி. வேலையை விட்டேன். பெட்டி படுக்கையோடு ஊருக்கு வந்து, அண்ணன் கடைக்கு நேர் எதிரில் இருந்த ஜவுளிக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். சம்பளம் பாதிதான். ஆனால் அவன் தன் கல்லாவிலிருந்து நிமிர்ந்தால் என் முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஐந்து வருஷம் விழித்தான். ஒரு வார்த்தை நான் பேசவில்லை. என் பெண்டாட்டி பொன்னம்மை ஒரு நாள் சொன்னாள்: "எப்பவும் ஒரே ஆளையே நெனச்சுக்கிட்டு இருக்கியளே, என்னையக்கூட நீங்க இப்படி நெனச்சதில்ல." உண்மைதான். அவளை அந்த அளவுக்கு நினைத்திருந்தால் இந்நேரம் நாங்கள் நன்றாக இருந்திருப்போம்.

ஐம்பத்திரண்டில் அண்ணன் மகன் திரவியத்துக்கு டில்லியில் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. அண்ணன் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தான். படத்தில் புது நூல் ஏறியது. திருவனந்தபுரத்திலிருந்து மதராஸ், அங்கிருந்து நாகபுரி, அங்கிருந்து டில்லி. வளைந்து வளைந்து போகிற நூல், பம்பாய் நூலைப்போல இரண்டு பங்கு நீளம். எதிர்க்கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்து நான் குளிர்ந்துபோனேன். போடா மக்கா, தூரமாய்ப் போ. முடிந்தால் சர்க்கார் உன்னைக் காஷ்மீருக்கே மாற்றட்டும்.

டில்லிக்குக் கிளம்புகிற அன்றைக்கு அந்தப் பையன் தெருவைக் கடந்து வந்து என் காலில் விழுந்தான். நல்ல பையன், தங்கம். அவன் அப்பன் செய்ததற்கு அவன் என்ன செய்வான்? "ராசாவாட்டு இருடே" என்று திருநீறு பூசி அனுப்பினேன். வாய் வாழ்த்தியது. மனசு மைல் கணக்குப் போட்டது.

ஐம்பத்துநாலில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. முதல் தடவை விழுந்தபோது திரவியம் விமானத்தில் பறந்து வந்தான். இரண்டு வாரம் இருந்தான். அப்பாவுக்குப் பேச்சு கொஞ்சம் திரும்பியதும் லீவு முடிந்து டில்லிக்குப் போய்விட்டான். அவன் போன சில நாளில் இரண்டாவது தடவை விழுந்தான் அண்ணன். மறுபடி அதே இடவப்பாதி மழை. வந்து பார்த்த டாக்டர், இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். என் மதினி மங்கலம் டில்லிக்குத் தந்தி அடிக்கச் சொன்னாள். இன்று ராத்திரி பிளேனில் புறப்படுகிறேன், நாளை மத்தியானம் வந்துவிடுவேன் என்று திரவியத்திடமிருந்து பதிலும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மங்கலம் மதினி குடையைப் பிடித்துக்கொண்டு ஜவுளிக் கடைக்கே வந்தாள். நனைந்த சேலையோடு படிக்குக் கீழே நின்றாள்.

"கொழுந்தனாரே, உங்க அண்ணன் உங்களைக் கூப்பிடுகாவ."

போனேன். மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் போனேன். போவதற்கு முன்னால் கடைக் கண்ணாடியில் தலையைக்கூடச் சீவிக்கொண்டேன்.

கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் அந்த இந்தியா படம் தொங்கியது. கடையிலிருந்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறான். இடப்பக்கம் முழுவதும் செத்துப்போயிருந்தது. வாய் கோணியிருந்தது. ஆனால் பேச்சு புரிந்தது.

"பய ராத்திரி பிளேன் ஏறுகான்" என்றான்.

"சரி."

"நடுவழியில நாகபுரி. விடியும்போ மதராஸ். அங்கேருந்து வேற பிளேன். உச்சை திரிஞ்சு இங்க."

"சரி."

"நான் அதுவரைக்கும் தாங்க மாட்டேன்." மூச்சு வாங்கினான். "நீதான் காத்திருக்கச் சொல்லணும். பிச்சையா பெரியப்பா அவசரப்படுத்துவாரு. உன் வாயால ஒரு வார்த்தை வந்தா எல்லாரும் இருப்பாவ."

அது சரிதான். எங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்து, கொள்ளி வைக்க வேண்டிய மகன் ஊரில் இல்லை என்றால், எப்போது எடுப்பது என்று அந்த வீட்டின் அடுத்த ஆண்பிள்ளைதான் சொல்ல வேண்டும். அம்மா இறந்த அன்றைக்கு அது அவன். நாளைக்கு அது நான். ஐந்து வருஷம் இதற்காகத்தான் எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன்.

"மழையாட்டு இருக்கே அண்ணாச்சி" என்றேன். "இந்த மழையில பிளேன் எறங்காதே."

அவன் என்னையே பார்த்தான்.

"டில்லி எங்க கெடக்கு! பம்பாய்க்கே மூணு நாளாம். டில்லிக்காரன் ரயில்லதான் வரணும், நாலு நாளாவது ஆகும். நாலு நாளு எப்படிப் போட்டுவைக்கது?"

அவனுடைய நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கோரமாக வடிந்தது. துடைக்க அவன் கையைத் தூக்கவில்லை. நானும் துடைக்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அது பாயசம் குடித்த மாதிரி இருந்தது. இன்னும் ஒரு டம்ளர் வேண்டும்போல இருந்தது.

பிறகு, "அப்பம் நீயே வை" என்றான்.

"என்னது?"

"எனக்குக் கொள்ளி நீயே வை தம்பி. எனக்குச் சம்மதம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்து வருஷமாக எத்தனையோ விதமாக இந்தப் பேச்சைப் பேசிப் பார்த்திருக்கிறேன், இது அதில் எதிலும் வரவில்லை. ஆனால் பதில் தானாக வந்தது.

"எனக்குன்னு ஒரு கொள்ளிதான் இருந்துது அண்ணாச்சி. அதை நீங்க வச்சாச்சு. உங்களுக்குள்ளது எனக்கு வேண்டாம்."

"அம்மை..." என்று ஆரம்பித்தான். "அம்மை அன்னைக்கு..." அதற்கு மேல் நாக்கு புரளவில்லை. மறுபடியும் "அம்மை" என்றான். எனக்குக் கேட்க இஷ்டமில்லை. அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வருவதே எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

வாசல்நடையில் மதினி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"ஒரு வார்த்தை சொன்னா என்ன கொழுந்தனாரே?"

"அன்னைக்கு அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மதினி" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தேன்.

விடிகிற நேரத்தில் ஆள் வந்தது. போய்விட்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. பங்காளிகள், சாலைக் கடைக்காரர்கள், அக்கம்பக்கத்து மலையாளிகள். மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு வந்த அதே ஆட்கள், ஐந்து வயசு கூடியிருந்தது, அவ்வளவுதான். பிச்சையா பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எப்பம் எடுக்கது நயினாரு? பய டில்லியில இல்லா இருக்கான்? அவன் வந்துசேர எத்தனை நாளாகும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மதினி மட்டும் நிமிரவில்லை. அழவும் இல்லை.

வார்த்தை நாக்கிலேயே இருந்தது. நாலு நாள், எடுத்துவிடலாம். அவ்வளவுதான். மத்தியானம் திரவியம் டாக்சியில் வருவான், புத்தன்கோட்டைப் புகை காருக்குள் வரும், அவனும் கைக்குட்டையை எடுப்பான். இதைத்தான் ஐந்து வருஷமாகப் பார்த்துப் பார்த்து ரசித்தேன். வாயைத் திறந்தேன். அப்போது திறந்திருந்த அறைக் கதவு வழியாக அந்தப் படம் கண்ணில் பட்டது. பம்பாயிலிருந்து ஒரு குட்டை நூல். டில்லியிலிருந்து நீளமாய், வளைந்து வளைந்து ஒரு நூல்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் என்ன முட்டாள்! இப்போது எடுத்துவிடலாம் என்று நான் சொன்னால் அவன் பொய் நிஜமாகிவிடும். பாவம், தாணுலிங்கம் அன்றைக்குச் சொன்னதுதான் சரி, மழையில் விமானத்தை நம்பவா முடியும் என்று இந்த ஊர் தலையை ஆட்டிவிட்டுப் போகும். அவன் பொய்யை அவனோடு சேர்த்து நானே எரித்துவிடுவேன். மாறாக, இந்த மழையில், டில்லியிலிருந்து விமானம் வந்து இறங்கட்டும். இவர்கள் அத்தனை பேரும் இங்கே உட்கார்ந்து அதைக் காதால் கேட்கட்டும். செத்துக் கிடக்கிறவன் அன்றைக்கு என்ன செய்தான் என்று ஒவ்வொருத்தனுக்கும் தெரியட்டும். இது எனக்கு ஐந்து வருஷமாகத் தோன்றவே இல்லையே!

"காத்திருப்போம்" என்றேன்.

மதினி அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"டில்லியிலேருந்தா?" என்றார் பெரியப்பா.

"டில்லியிலேருந்துதான். பிளேன்ல வாறான். உச்சை திரிஞ்சா இங்க இருப்பான்."

"மழையாட்டு இருக்கேடே. எறங்குமா?"

"எறங்கும் பெரியப்பா. ஒருத்தரும் போகாண்டாம். எல்லாரும் இருங்க, பாத்துட்டே போகலாம்."

ஒருத்தரையும் நான் விடவில்லை. சர்பத் கடைகளுக்கு ஐஸ் கொண்டுவருகிறவனைப் பிடித்துப் பாளம் பாளமாக ஐஸ் வரவழைத்து உடம்பைச் சுற்றி அடுக்கினேன். பக்கத்து வீடுகளில் காப்பி போட்டு வாங்கிக் கொடுத்தேன். கடையைப் பார்க்கணும் என்று எழுந்தவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். தம்பிக்காரன் எவ்வளவு பாசமாய்ப் பார்க்கிறான் என்று நாலு பேர் மெச்சிக்கொண்டதும் காதில் விழுந்தது. அண்ணன் கடை ஆள் குட்டன் பிள்ளையை டாக்சியோடு விமான நிலையத்துக்கு அனுப்பிவைத்தேன்.

மத்தியானம் ஆக ஆக மழை வலுத்தது. முற்றத்தில் தண்ணீர் கட்டியது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. விமானம் இறங்காவிட்டால்? கொச்சியிலேயே நிறுத்திவிட்டால்? செத்தும் ஜெயித்துவிடுவானே! பம்பாயிலிருந்து வந்தபோது மேகத்துக்குள் பயப்படாதவன், அன்றைக்குத் தரையில் உட்கார்ந்துகொண்டு நடுங்கினேன். பத்மநாபா, இறக்கு, இறக்கு என்று வேண்டிக்கொண்டேன்.

"நான் சொல்லல்லியா?" என்று பெரியப்பா தடியைத் தட்டினார். "இனியும் வச்சுக்கிட்டு இருந்தா விளக்கு வைக்கிற நேரமாயிரும், பொறவு எடுக்க முடியாது."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் கேட்டது. முதலில் மழைச் சத்தத்தோடு கலந்து ஒரு முனகல். பிறகு பெரிதாகி, பெரிதாகி, ஓடெல்லாம் அதிர எங்கள் தலைக்கு மேலேயே வந்தது. எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் தாழ்ந்து சங்குமுகம் பக்கம் போகும். துக்க வீடு முழுவதும் கூரையை அண்ணாந்து பார்த்தது.

நான் முற்றத்தில் இறங்கி மழையில் நின்றேன்.

"கேட்டுதா பெரியப்பா?"

"கேட்டுதுடே."

"டில்லியிலேருந்து வந்தாச்சு. பம்பாய் இதுல பாதி தூரம். அன்னைக்கும் இதே மழைதான். அன்னைக்கு என் பிளேனும் இந்த வீட்டுக்கு மேலதான் போச்சு. சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்து குளிச்சுக்கிட்டு நின்னியளே, உங்க எல்லாருக்கும் கேட்டிருக்கும்." உள்ளே படுத்திருந்தவனைக் கைகாட்டினேன். "ஊருக்கெல்லாம் ஒரே பகல்னு போர்டு வச்சவரு. எங்க அம்மைக்கு மட்டும் மூணு நாளுன்னு சொன்னாரு. இப்பம் சொல்லுங்க, தெரியாமச் சொன்னாரா, தெரிஞ்சு சொன்னாரா?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பெரியப்பா உள்ளே எட்டி அண்ணன் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பாவி மட்டை" என்றார் கடைசியில். "எங்களை முன்ன நிறுத்தில்லா பொய் சொல்லியிருக்கான்."

அந்த ஒரு வரிக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்று அப்போது தோன்றியது. மழை தலையில் இறங்கியது, நான் நகரவே இல்லை.

திரவியம் வந்தான். நனைந்துபோய், சூட்கேஸைக் கூட இறக்காமல் ஓடிவந்து அப்பன்மேல் விழுந்து அழுதான். நீர்மாலை எடுத்து வந்து உடம்பைக் குளிப்பாட்டினோம். புத்தன்கோட்டையில் அவன் கொள்ளி வைத்தபோது நான் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பும்போது அவன் என் காலில் விழுந்தான். "எல்லாரையும் பிடிச்சு நிறுத்தி வச்சியளாமே சித்தப்பா. இல்லாட்டி எனக்கு அப்பா மொகத்தைப் பாத்திருக்க முடியாது" என்றான். அவன் தலையில் கை வைத்தேன். அவன் கண்ணைப் பார்க்க மட்டும் முடியவில்லை.

எல்லோரும் குளித்துக் கலைந்த பிறகு மதினி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். அவளைத் தலைகுனியவைத்துவிட்டேன், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் திட்டட்டும் என்றுதான் போனேன்.

"நேத்து நீங்க போன பொறவு அவிய நல்லா ஒறங்கினாவ, தெரியுமா?" என்றாள்.

"ஒறங்கினாரா?"

"எத்தனையோ நாளா கண்ணு மூடாத மனுசன். நான்தான் பதறிப்போயிக் கேட்டேன், தம்பி ஒத்துக்கிடாமப் போயிட்டாரே, என்ன செய்யதுன்னு. சிரிச்சாவ. 'அவன் காத்திருப்பான் பிள்ளே. அவன் வாய்தான் அப்படி. நான் செஞ்சதை அவன் செய்ய மாட்டான். பெறவு எல்லாருக்கும் முன்ன என்னைய நாலு வார்த்தை கேப்பான். கேக்கட்டும், நீ தடுக்கப்பிடாது'ன்னாவ. ஒவ்வொரு சொல்லா இழுத்து இழுத்துச் சொன்னாவ. பொறவு அப்படியே ஒறங்கிட்டாவ."

எனக்குக் காதில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"அன்னைக்கு ஏன் அப்படிச் செஞ்சாவன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டியளா?" என்றாள் மதினி. "மூணு வருசம் அத்தை படுக்கையில கெடந்தா. பீமூத்திரம் எடுத்தது அவிய. என்னையத் தொடவிட மாட்டாவ. கடைசிக் கஞ்சியும் அவிய கையாலதான் குடிச்சா. குடிச்சுட்டு அத்தை சொன்னா, 'நீ வைக்காத, சின்னவன் வரட்டும், அவன் கையாலதான் நான் போகணும்'னு. அவிய அத்தை வாயைத் தொடைச்சு விட்டுட்டுக் கிண்ணத்தைக் கீழ வச்சாவ. அன்னைக்கே அத்தை போயிட்டா. மறுநாளு உங்க தந்தி வந்ததும் மூணு நாளுன்னு சொல்லிட்டாவ. செஞ்சது தப்புதான், நான் இல்லேங்கல்ல. அதை நேத்து உங்கக்கிட்ட சொல்லணும்னு பாத்தாவ. நாக்கு வரல்ல. நீங்களும் நிக்கல்ல."

அழுகை வந்தது என்று எழுதினால் பொய். வந்தது கோபம்தான். அவன் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல வந்தது. ஊர் முன்னால் அவனை நிறுத்திக் கேட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேனே, அதுவும் அவன் கேட்கட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டுப் போனது. காத்திருந்தது என் சாமர்த்தியம் என்று நினைத்தேனே, அதுவும் அவனுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. என்னை அவன் ஒரு ராத்திரிகூட நம்பாமல் இருக்கவில்லை.

சரி, அதெல்லாம் போகட்டும். நாலு நாளாகும் என்று நான் சொன்னபோது அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்ததே, நான் பாயசமாய்க் குடித்தேனே, அது பயம் இல்லையென்றால் வேறென்ன? அறைக்குள் போய் வெறும் கட்டிலுக்கு முன்னால் நின்றேன். எதிர்ச்சுவரில் படம் அப்படியே தொங்கியது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.